சந்தை இல்லாத திறந்த வலையில ஒரு மலையக ஓவியர்: நிகழ்வு ஆய்வு

சொந்தமா வரைஞ்சி, தைச்சி, பாடி, அத ஒன்லைன்ல வித்து நாலு காசு பாக்குற மலையகப் புள்ளைங்களுக்காகவும், அவங்களுக்கு டெக்னிக்கல் பக்கம் ஒத்தாசையா நிக்கிறவங்களுக்காகவும் இத எழுதுறேன். ஒரே கம்பெனி கையில இல்லாத பரவலாக்கப்பட்ட சமூக வலை, அதத்தான் திறந்த வலைன்னு சொல்றேன், யாவாரத்துக்கு எடம் குடுக்கணுமாங்கிறதுதான் கேள்வி. ஆட்கள் பேரு, தோட்டத்துப் பேரு, சம்பந்தப்பட்ட நிறுவனங்க பேரு எதுவும் போடல. நடந்தது நடந்த வரிசையிலயே இருக்கு.

பின்னணி

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டம். அங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல இருக்குற ஒரு தங்கச்சி, வயசு இருபத்தஞ்ச ஒட்டி, காலையில தோட்டத்து முன்பள்ளியில படிப்பிக்கிறா, பின்னேரம் வரையிறா. அம்மா இன்னமும் கொழுந்து எடுக்க மலைக்குப் போறாங்க. வரையிறதெல்லாம் கிட்டத்துல பாத்ததுதான், ரதி மன்மதன் கதைய ஆடுற காமன் கூத்து வேஷம், தப்பு மேளம் அடிக்கிறவங்க, காலையில வேலைக்குக் கூடுற பிரட்டுக்களத்துல நிக்கிற பொம்பளைங்க, லயத்து அடுப்பு, மழைக்கு ரப்பர் சீட்ட கட்டிக்கிட்டு கொழுந்து எடுக்குற கை. நான் டவுனுல புள்ளைங்களுக்கு கொம்பியூட்டர் சொல்லிக் குடுக்குற ஆளு, அந்த வகையிலதான் பழக்கம்.

2020 கொரோனா அடைப்பு நேரத்துல ஒரு பெரிய சமூக வலைத்தளத்துல பேஜ் ஒண்ணு தொறந்து படம் போட ஆரம்பிச்சா. ஆளுங்க கேக்கக் கேக்க போஸ்ட்கார்ட், கலண்டர், சின்னப் பிரிண்ட்னு விக்க ஆரம்பிச்சா. நம்ம நாட்டுல எல்லாரும் பண்ற முறைதான், படத்தப் போட்டு "இன்பாக்ஸ் வாங்க"ன்னு எழுதுறது, உள்ள வந்ததும் பேங்க் எக்கவுண்ட் நம்பரக் குடுக்குறது, அவங்க காசு போட்டு ஸ்லிப்ப போட்டோ புடிச்சி அனுப்புறது, அப்புறம் கொரியர். கடைன்னு ஒண்ணு கெடையாது, ஆனா யாவாரம் நடந்துச்சி.

அந்த யாவாரம் எவ்வளவு மெல்லிசான நூல்ல தொங்குதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும், ஏன்னா நாட்டுல ஏதாச்சும் ஒண்ணு நடந்தா மொதல்ல சமூக வலைத்தளத்தத்தான் நிப்பாட்டுறாங்க. 2018 மார்ச்ல கண்டி திகன கலவரத்தப்ப நிப்பாட்டுனாங்க, 2019 ஏப்ரல்ல ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பொறகு நிப்பாட்டுனாங்க, 2022 ஏப்ரல் 3 ஆர்ப்பாட்ட நேரத்துலயும் நிப்பாட்டுனாங்க. கடைசித் தடவ அவளுக்கு ஓடர் இருந்துச்சி, வாங்குனவங்க காசு போட்டுட்டு பதில் வராம பயந்துட்டாங்க.

2023ல மலையகத் தமிழர் வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனாங்கல்ல, அத ஒரு தொடராவே வரைஞ்சா. மொத மொத வெளிநாட்டுல இருந்து ஓடர் வந்தது அதுக்குத்தான். லண்டன்ல, டொரொண்டோவுல இருக்குற நம்ம ஆளுங்க, அதவிட முக்கியமா நீலகிரியில கோத்தகிரி, கூடலூர் பக்கத்துல இருக்குறவங்க, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பொறகு இங்க இருந்து கப்பல் ஏத்தி அனுப்புன குடும்பங்களோட பேரப்புள்ளைங்க. "எங்க அம்மாச்சி சொன்ன லயம் இதுதானா"ன்னு ஒருத்தங்க கேட்டு எழுதுனத அவ எனக்குக் காட்டுனா.

பேஜ் பூட்டுனது

அந்த வருஷம் முடியிறதுக்குள்ள ஒரு நாள் பேஜ் பூட்டிருச்சி. விதிய மீறிட்டீங்கன்னு தானா வந்த ஒரு அறிவித்தல், எந்தப் படம், எந்த விதின்னு ஒண்ணும் இல்ல. முறையீடு போட்டா அதுக்கும் தானா வர்ற பதில். பேசுறதுக்கு ஒரு மனுசர் இல்ல. மூணு வருஷம் சேத்த ஆளுங்க அந்தப் பக்கம், அவ இந்தப் பக்கம்.

படங்க போகல, மூலம் கையிலதான் இருந்துச்சி. போனது ஆளுங்களோட தொடர்பு. அதுலயும் முழுசாப் போகாம இருந்ததுக்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. ஒவ்வொரு ஓடருக்கும் பேரு, விலாசம், போன் நம்பர், என்ன வாங்குனாங்கங்கிறத கையால எழுதி வச்சிருந்தா. வாங்காம சும்மா பின்தொடர்ந்த ஆளுங்க அத்தன பேரும் போயிட்டாங்க, வாங்குனவங்க கொப்பியில மிஞ்சுனாங்க.

என்ன என்ன யோசிச்சோம்

அதே எடத்துல புதுசா பேஜ் தொறக்கலாம்னு வீட்டுல சொன்னாங்க. தொறந்தோம், ஆனா அத மட்டும் நம்பக்கூடாதுன்னு அவளே முடிவெடுத்தா. சொந்த இணையத்தளம் போடலாம், ஆனா அங்க யாரு வருவா, ஊருக்கு வெளிய தனியாக் கெடக்குற கடை மாதிரி ஆயிரும்.

மூணாவதுதான் பரவலாக்கப்பட்ட சமூக வலை. ஒரே கம்பெனி கையில இல்லாம, பல பேர் பல சர்வர் நடத்துறாங்க, ஒரு சர்வர்ல இருக்குறவங்க இன்னொரு சர்வர்ல இருக்குறவங்கள பின்தொடரலாம். அந்த மாதிரி மென்பொருள்ல ஒண்ணான மாஸ்டடோன் 2016ல வந்துச்சி, அதுக்கு அடியில ஓடுற, சர்வருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஆக்டிவிட்டிபப் விதிமுறைய 2018 ஜனவரியில வலைத் தரங்கள வகுக்குற டபிள்யூ3சி அமைப்பு தரமா அறிவிச்சிச்சி. அதுலயே படத்துக்கு பிக்செல்ஃபெட், வீடியோவுக்கு பியர்டியூப்னு தனித்தனியா இருக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். புளூஸ்கைங்கிற இன்னொரு வலை வேற விதிமுறையில ஓடுது, 2024 பெப்ரவரி வரைக்கும் அழைப்பு இருந்தாத்தான் உள்ள போகலாம், அதனால அத தள்ளி வச்சோம். நொஸ்டர்னு இன்னொரு வலை, அதுல பதிவுக்கே பிட்கொயின் காசு அனுப்புற ஏற்பாடு இருக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கிரிப்டோ வாங்குறதுக்கு பேங்க் கார்ட் பாவிக்கக்கூடாதுன்னு நம்ம மத்திய வங்கி சொல்லிருச்சி, பணம் போனா கேக்க ஆளில்லன்னு பலதரம் எச்சரிக்கையும் விட்டிருக்கு. கொழுந்து எடுக்குற அம்மாவோட சேமிப்ப அங்க கொண்டு போய்ப் போட நான் சொல்லமாட்டேன்.

மாஸ்டடோன்னு முடிவாச்சி. ஒரே காரணந்தான், பின்தொடர்றவங்கள அங்க இருந்து இன்னொரு சர்வருக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம். பேஜ் பூட்டுன வலி ஆறாத நேரத்துல அதுக்கு மேல வேற எந்த வசதியும் அவளுக்குப் பெருசாப் படல.

மொத சர்வர்ல நடந்தது

பெரிய பொதுச் சர்வர் ஒண்ணுல எக்கவுண்ட் தொறந்தா. படத்துக்கு வரவேற்பு நல்லாவே இருந்துச்சி. விளம்பரம் இல்ல, யாரு போட்டாலும் போட்ட நேர வரிசையில வரும், காசு குடுத்து மேல தூக்குற வேல கெடையாது. படத்துக்கு விளக்கம் எழுதணும், கண்ணு தெரியாதவங்களும் படிக்கணும்னு அங்க ஒரு பழக்கம் இருக்கு, அவ தமிழ்லயே எழுதுனா, "மாசி மாசக் குளிர்ல காமன் பொட்டல், ரதி வேஷம் போட்ட பையன் கண்ணத் தொடைக்கிறான்"னு. அந்த விளக்கத்துக்காகவே வந்து பேசுனவங்க உண்டு.

பெறகு கலண்டர் வந்துச்சி. படத்தப் போட்டு, வெலையப் போட்டு, ஓடர் எப்பிடின்னு எழுதுனா. ஒரே வாரத்துல அதே மாதிரி நாலஞ்சி பதிவு. சர்வர் நடத்துறவங்ககிட்ட இருந்து தகவல் வந்துச்சி, இங்க வணிக விளம்பரம் கூடாது, தொடர்ந்தா எக்கவுண்ட மட்டுப்படுத்துவோம்னு. மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க, எழுதுனது ஒரு மனுசர், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னாங்க. மொத எடத்துக்கும் இதுக்கும் அது பெரிய வித்தியாசம். ஆனாலும் அவளுக்கு மனசு நொந்துபோச்சி. "நான் வரைஞ்சத நான் வெல சொல்றது விளம்பரமாண்ணே?"ன்னு கேட்டா.

இந்த எடத்துல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நிதானமா சொல்றேன். அந்தச் சர்வர நடத்துறவங்க பெரும்பாலும் தொண்டா செய்றவங்க, செலவு நன்கொடையில ஓடுது. கிரிப்டோக்காரங்க, போலிக் கடைங்க, ஒரே நாள்ல நூறு பதிவு தானாப் போடுற பொட் (bot) எக்கவுண்டுங்கன்னு வந்து குமிஞ்சா அத சுத்தப்படுத்துறது அவங்க தலையில. யாவாரத்த மொத்தமா வேணாம்னு சொல்றது அவங்களுக்கு ஒரு தற்காப்பு. பெரிய தளங்கள யாவாரம் எப்பிடி தின்னுச்சின்னு பாத்து வெறுத்துப்போய் இந்தப் பக்கம் வந்தவங்கதான் அங்க நிறைய.

ஆனா அந்த விதி, ஊரு முழுக்க போஸ்டர் ஒட்டுற கம்பெனியையும், தான் வரைஞ்ச கலண்டருக்கு வெல எழுதுற ஒரு லயத்துப் புள்ளையையும் ஒரே தராசுல வைக்கிது. சம்பளம் வாங்குற ஒரு ஆளு பொழுதுபோக்கா படம் போட்டா பிரச்சின இல்ல, படத்த வித்து சாப்புடுற ஆளு போட்டா பிரச்சின. அப்பிடிப் பாத்தா காசு தேவப்படாதவங்களுக்குத்தான் அந்த எடம் திறந்ததா இருக்கு. இத நான் மோசமான எண்ணத்துல வந்த விதின்னு சொல்லல, விளைவு அதுதான்.

சர்வர் மாத்துன முடிவு

சண்ட புடிக்கல. தன் கையால செஞ்சத விக்கிறதுக்கு இடம் குடுக்குற, கலைஞர்களுக்கான ஒரு சின்னச் சர்வருக்கு மாறுனோம். அங்க நிபந்தனை இருந்துச்சி, விற்பனைப் பதிவுக்கு ஒரு ஹேஷ்டேக் போடணும், படிக்க விரும்பாதவங்க அத வடிகட்டி மறைச்சிக்கலாம், விற்பனைப் பதிவு மட்டுமே போட்டுக்கிட்டு இருக்கக்கூடாது. அவளுக்கு இது சரியாப் பட்டுச்சி, எனக்கும்.

மாறும்போது பின்தொடர்றவங்க பெரும்பாலும் தானாவே கூட வந்தாங்க, அது சொன்ன மாதிரியே நடந்துச்சி. ஆனா பழைய பதிவுங்க கூட வராது, பழைய சர்வர்லயே நிக்கும். படங்களும் அதுக்குக் கீழ ஆளுங்க எழுதுன கதைங்களும் அங்கயே தங்கிருச்சி. இத முன்னாடியே தெரிஞ்சிக்கிட்டு பதிவுகள கொப்பி எடுத்து வச்சிட்டுத்தான் மாறுனோம். இன்னொரு விஷயம், ஒரு தடவ மாறுனா அடுத்த தடவ மாற 30 நாள் பொறுக்கணும், அதனால அவசரப்பட்டு சர்வர் தேடக்கூடாது.

வெலப்பட்டியல பதிவுல வைக்கிறதையும் நிப்பாட்டுனோம். பதிவு பல சர்வருக்கும் போய்ப் பிரதியா ஒக்காந்துரும், நாம அழிச்சாலும் எல்லா எடத்துலயும் அழியும்னு உறுதியில்ல. தாள் வெல ஏறுனா பழைய வெலையக் காட்டி ஆளு கேப்பாங்க. அதனால ஒரே பக்கம் உள்ள ஒரு சின்ன இணையத்தளம், அதுல மட்டும் வெலையும் கையிருப்பும். மாஸ்டடோன் புரொஃபைல்ல அந்த லிங்க்கப் போட்டு, தளத்துலயும் திரும்ப புரொஃபைலுக்கு லிங்க் வச்சா, லிங்க் பச்சையா மாறி இது அவங்களோட சொந்தத் தளந்தான்னு காட்டும். போலிப் பேஜ் தொறந்து காசு வாங்குறவங்க இருக்குற காலத்துல அந்தப் பச்சை நெறம் வாங்குறவங்களுக்குத் தைரியம் குடுத்துச்சி.

காசு வர்ற வழி

இங்கதான் மொத்த விசயமும் மாட்டிக்கிட்டு நின்னுச்சி. வெளிநாட்டுக் கலைஞர்கள் கேட்டவொடன சொல்ற பதில், "கோஃபி தொறந்துக்க, பதிவுக்குக் கீழ லிங்க் போடு". கோஃபி ஆளுங்க கலைஞருக்குக் காசு குடுக்குற தளம், அதுக்கு பின்னால பேபால் இல்லன்னா ஸ்ட்ரைப்னு ஒரு பணச் சேவை இருக்கணும். ஸ்ட்ரைப் இலங்கையில இல்ல. பேபால் இங்க இருந்து காசு கட்டலாம், வாங்க முடியாத நிலைதான் அப்ப இருந்துச்சி. பேட்ரியோன்ங்கிற ஆதரவுத் தளம் வழியா வர்ற காசு பேயோனியர்ங்கிற பணச் சேவைக்கு வந்து அங்க இருந்து பேங்குக்கு வரலாம், அது ஓடுற வழி, ஆனா அது மாசா மாசம் ஆதரவு குடுக்குற முறை. அம்மாவுக்கு காய்ச்சல் வந்தா, முன்பள்ளி விழா வந்தா வரைய முடியாது, மாசக் கடன் மாதிரி ஒண்ண தலையில ஏத்திக்க அவ விரும்பல.

ஆகக்கடைசியில நடந்தது இதுதான். உள்நாட்டுல பேங்க்ல இருந்து பேங்குக்கு ஒடனே போற பணமாற்று. அதுலயும் ஸ்லிப்ப நம்பாம, காசு வந்துருச்சின்னு பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ் வந்த பொறகுதான் பார்சல் கட்டுறதுன்னு விதி வச்சோம், ஏன்னா போட்டோவுல ஸ்லிப்ப மாத்தி அனுப்புற வேல நாடு முழுக்க நடக்குது. லண்டன், டொரொண்டோ ஆளுங்க இங்க இருக்குற சொந்தக்காரங்ககிட்ட சொல்லி காசு போட்டாங்க. நீலகிரி ஆளுங்கதான் பாவம், வாங்க ரொம்ப ஆசப்படுறவங்களும் அவங்கதான், வழி ரொம்பக் கொறைச்சலும் அவங்களுக்குத்தான். இந்தியாவோட யுபிஐங்கிற போன்வழிப் பணமாற்று 2024 பெப்ரவரியில இலங்கைக்கு வந்துச்சி, ஆனா அது இங்க வந்து கடையில கியூஆர் ஸ்கேன் பண்ற பயணிகளுக்கான ஏற்பாடு, கோத்தகிரியில ஒக்காந்துக்கிட்டு ஹட்டன் ஓவியருக்கு காசு அனுப்ப அது ஒதவல. இங்க வர்ற சொந்தக்காரங்க கையில காசக் குடுத்து படத்த வாங்கிட்டு வரச் சொல்றதுதான் நடந்துச்சி.

விலாசம்

வாங்குறவங்க தனிச்செய்தியில வீட்டு விலாசம் போன் நம்பர் எல்லாம் அனுப்ப ஆரம்பிச்சாங்க. மாஸ்டடோன்ல தனிச்செய்தி முனைக்கு முனை மறையாக்கம் செஞ்சது இல்ல, சர்வர் நடத்துறவங்க நெனச்சா பாக்கலாம். அவங்க பாப்பாங்கன்னு இல்ல, பாக்குற மாதிரி வைக்கிறது நம்ம தப்பு. அதனால ஓடர் விவரம் மட்டும் அங்க, விலாசம் சிக்னல் இல்லன்னா வட்ஸ்அப்லன்னு மாத்துனோம்.

அனுப்புறவளோட விலாசந்தான் அதவிடப் பெரிய சிக்கல். லயத்துக்குத் தனித்தனி விலாசம் இல்லாதது மலையகத்துல பொறந்தவங்க எல்லாருக்கும் தெரியும், கடுதாசி தோட்டத்து ஒப்பிஸுக்கு வரும், அங்க இருந்து எப்ப கைக்கு வருமோ அப்பத்தான். திரும்பி வந்த பார்சல் ஒண்ணு அப்பிடித்தான் ஒப்பிஸ்ல கெடந்து மழையில ஊறிப்போச்சி. கொரியர் ஆளு மேல இருக்குற தோட்டப் பிரிவுக்கு ஏறி வர மாட்டேன்னுட்டாங்க. டவுனுல தெரிஞ்ச ஒரு அண்ணனோட கடைய அனுப்புறவர் விலாசமா வச்சோம், வாரத்துல ரெண்டு நாள் அவ அங்க எறங்கி வந்து பார்சல் குடுப்பா. எந்த வலையமைப்பும் இத தீர்க்காது, ஆனா ஒன்லைன் கடைப் படிவம் எதுவா இருந்தாலும் வீட்டு எலக்கம், தெருப் பேருன்னு கட்டாயக் கட்டம் போட்டு வச்சிருப்பாங்க. அந்தக் கட்டத்த நிரப்ப முடியாத ஆளுங்க ஒரு ஊரு முழுக்க இருக்காங்கங்கிறது செய்றவங்களுக்குத் தெரியணும்.

கூத்துப் பதிவு

இதுக்கு நடுவுல அவளோட மாமா, கூத்து வாத்தியார், காமன் கூத்துப் பாட்டப் பதிவு பண்ணி விக்கலாமான்னு கேட்டாரு. பியர்டியூப்ல போடலாம், அதுல ஆதரவுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு, அதுல நம்ம விவரத்த எழுதிக்கலாம், காசு அதுக்குள்ளால போகாது. ஆனா பாட்டு யாரோடது? தோட்டமே சேந்து பாடுறது. கோயில் கமிட்டியோட ஒக்காந்து பேசுனாங்க. விக்கிறதில்ல, யாரு வேணும்னாலும் பாக்கலாம், குடுக்குற காசு வேஷத்துணிக்கும் தப்பு மேளத்துக்கும்னு முடிவாச்சி. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச முடிவு. எல்லாத்துக்கும் வெல ஒட்டச் சொல்லாம, வெல வைக்கவும் வைக்காம இருக்கவும் ரெண்டுக்கும் வழி குடுக்குற வலைதான் நமக்கு வேணும்.

விளைவு

பெருசா ஒண்ணும் கொட்டல. உள்நாட்டுல வாங்குறவங்க பெரும்பாலும் இன்னமும் பழைய தளத்துலயும் வட்ஸ்அப்லயும்தான் இருக்காங்க, மாஸ்டடோன்னா என்னன்னு கேக்குறாங்க, அதனால புதுசாத் தொறந்த பேஜயும் விடாம வச்சிருக்கா. ஆனா வெளிநாட்டு ஓடரும், ஒரு தடவ வாங்குன ஆளு திரும்ப வாங்குறதும் திறந்த வலையில இருந்துதான் கூட வருது. 2025 கலண்டர் அடிச்சது அத்தனையும் வித்து முடிஞ்சிச்சி. 2024 செப்டெம்பர்ல தோட்டத்துல அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூவான்னு வந்துச்சி, அதுக்கும் கொழுந்து எடை கொறஞ்சா அரைப்பேருதான், பாதி நாள் சம்பளம். நல்ல மாசத்துல மகளோட படக்காசு அம்மா வாங்குற சம்பளத்துக்கு பக்கத்துல வந்து நிக்கிது. எல்லா மாசமும் இல்ல.

வேற வேற நாட்டு அச்சுக்கலைஞர்கள் அவளோட பேசுறாங்க, தாள் பத்தி மை பத்தி சொல்லிக் குடுக்குறாங்க. அது காசுல சேராது, ஆனா அவளோட கோடு மாறியிருக்கு, பாத்தா தெரியிது.

இன்னொரு தடவ செஞ்சா மாத்த வேண்டியது

கொப்பியும் சின்னத் தளமும் மொதல்ல, சமூக வலை எக்கவுண்ட் அதுக்குப் பொறகு. சர்வர் சேரும்போதே விற்பனை பத்தின விதிய வாசிச்சி, சந்தேகம் இருந்தா நடத்துறவங்ககிட்டயே கேட்டுட்டுச் சேரணும், ரெண்டு வரி எழுதுனா பதில் வரும். அனுப்புறவர் விலாசம் மொத ஓடருக்கு முன்னாடியே தீரணும்.

பரவலாக்கப்பட்ட வலை யாவாரத்துக்கு எடம் குடுக்கணுமாங்கிற கேள்விக்கு, இந்த ஒரு நிகழ்வ வச்சி நான் வந்த முடிவு, குடுக்கணும், ஆனா காசுப்பெட்டிய வலைக்குள்ள வைக்கக்கூடாது. உள்ள வச்சா அது கார்ட் கம்பெனி ஓடுற நாட்டுக்காரங்களுக்கான பெட்டியாத்தான் இருக்கும், இல்லன்னா கிரிப்டோவா இருக்கும், ரெண்டுலயும் ஹட்டன் வெளிய நிக்கிது. தொண்டா சர்வர் நடத்துறவங்க தலையில பணத்தகராறையும் கட்டக்கூடாது. வலை செய்ய வேண்டியது வேற. இது விற்பனைப் பதிவுன்னு தனியா அடையாளம் வைக்கிற வசதி, வெலையும் கையிருப்பும் மாறுனா எல்லா சர்வர்லயும் மாறுற முறை, இந்தக் கடை இவங்களோடதுதான்னு உறுதி காட்டுறது, ஓடர் விலாசத்துக்கு மறையாக்கம், சர்வர் மாறும்போது பொருள் பட்டியலும் கூட வர்றது. காசு கட்டுற எடத்த காலியா விட்டுறணும், கொழும்புக்காரர் பேங்க் மாற்றுப் போடட்டும், ஜெர்மனிக்காரர் அவரு வழியப் போடட்டும். ஆக்டிவிட்டிபப்ல சந்தைக்கான ஒரு முன்மொழிவும், ஃப்ளோமார்க்ட்னு சிறுவிளம்பரத்துக்கான மென்பொருளும் ஏற்கனவே இருக்கு, ஒண்ணுமே இல்லாத எடத்துல இருந்து தொடங்க வேண்டியதில்ல.

இப்ப அவ இருக்குற சர்வர்ல விற்பனை விதிய திருத்தி எழுதப் போறாங்க, உறுப்பினர்கிட்ட கருத்து கேட்டிருக்காங்க. அவ எழுதியிருக்கா. வீட்டு விலாசம் இல்லாதவங்களும் விக்கலாம்னு ஒரு வரி சேக்கச் சொல்லி கேட்டிருக்கா, விதிய தமிழ்ல மொழிபெயர்த்துத் தர்றேன்னும் சொல்லியிருக்கா. பதில் இன்னும் வரல.